நிதானம் போட்ட சின்ன ஜெட்

நிதானம் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. வீட்டில் வைத்த பெயர் பேங்க் பாஸ்புக்கில் பத்திரமாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் யார் ஸ்பேனரைக் கையில் எடுத்தாலும் பின்னால் போய் நின்றுகொண்டு "நிதானம், நிதானம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பேர்ப்பட்ட ஆள் தன் பெண்டாட்டியின் காருக்கு நைட்ரஸ் வைத்துக் கொடுத்தான் என்றால் நம்ப முடிகிறதா? கொடுத்தான். அதுவும் கல்யாண நாள் பரிசாக, ஆசை ஆசையாக.

அவள் ஸ்கூல் பஸ் டிரைவர். வாரம் முழுக்க வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் மரியாதை கொடுத்து, ஷூ லேஸ் அவிழ்ந்த பிள்ளை அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, ஆமை மாதிரி ஊர்ந்து போகிறவள். பிள்ளைகளுக்கு அவள் பஸ் அக்கா. அப்படி அடக்கி வைத்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே, விமானம் இறங்குவது நின்றுபோன பழைய ஓடுபாதையில் கொண்டுபோய்க் கொட்டித் தீர்ப்பாள். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் நேர்கோட்டில் ஒரே ஓட்டம். மூச்சைப் பிடித்து விடுவதற்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் வாரம் முழுக்க அத்தனை பொறுமை.

நைட்ரஸ் என்றதும் மிரள வேண்டாம். பல் பிடுங்கும்போது வலி தெரியாமலிருக்க மூக்கில் வைக்கிறார்களே, அதே வாயுதான். டிக்கியில் ஒரு சிலிண்டர், அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய், ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். அழுத்தினால் இன்ஜினுக்குக் கூடுதலாக மூச்சு கிடைக்கும். அந்த மூச்சுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலும் கூடப் போக வேண்டும். இரண்டையும் அளந்து விடுவதற்கு ஆளுக்கொரு ஜெட் உண்டு; நடுவில் ஊசித்துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு, அவ்வளவுதான். கேஸ் குறைந்து பெட்ரோல் கூடிப்போனால் ஒன்றும் குடி முழுகாது, வண்டி இருமிக்கொண்டு மெதுவாகப் போகும். ஆனால் கேஸ் கூடிப் பெட்ரோல் குறைந்ததோ, தீர்ந்தது கதை. சூடு தாங்காமல் பிஸ்டன் மெழுகாக உருகிவிடும். ஓடுகிற ஓட்டத்தில் இன்ஜின் சிதறி, கார் எந்தப் பக்கம் புரளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஓடுபாதைக்கு ஒரு பல் டாக்டரும் வருவார். அவரிடமும் வெள்ளைக் காரில் நைட்ரஸ் உண்டு. "வாரமெல்லாம் இதே கேஸை மத்தவங்களுக்கு வெச்சு அமைதிப்படுத்தறேன், ஞாயித்துக்கிழமை நான் வெச்சுக்கிட்டு பைத்தியமாகறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பஸ் அக்காவிடம் தோற்ற வாரம் அவருக்குச் சோறு இறங்காது என்று பேச்சு.

இன்ஜின்களின் இரைச்சலில் காது கேட்காது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் கைச்சாடை வைத்திருந்தார்கள். கட்டைவிரலைத் தூக்கினால் வண்டி நேராக நிற்கிறது. தலையில் கை வைத்தால், கேஸ் வேண்டாம், பொத்தானைத் தொடாதே. "தலையில கை வெக்கறதையா சாடையா வெப்பீங்க மாமா? வேற இடமே கெடைக்கலையா?" என்று அவளுடைய தம்பி கேலி செய்தான். அந்தச் சாடைக்கு அதுவரை வேலையே வந்ததில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பொத்தானை அழுத்திய வேகத்தில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு புல்தரைப் பக்கம் போனது. அவள் ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டி நேராக்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி கோட்டைத் தாண்டிவிட்டாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா, எப்படிப் புடிச்சேன்!"

"சூப்பர்" என்றான் நிதானம். அவன் டம்ளரிலிருந்த டீயெல்லாம் சட்டையில். அதை அவள் பார்ப்பதற்குள் திரும்பி நின்றுகொண்டான்.

'எனக்குப் பயமா இருக்கும்மா' என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லித் தொலைத்திருக்கலாம்! ஆனால் அதில் ஒரு சிக்கல். அவளுடைய அம்மா, அண்ணிமார், பக்கத்து வீட்டுக்காரி, எல்லாரும் பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டு முடித்தவர்கள். அவர்களிடமெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரர் ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல." அதைச் சொல்லும்போது அவள் கழுத்து ஒரு நிமிர்வு நிமிரும். அந்த நிமிர்வை வளைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் மறுநாள் அவள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனதும் பானெட்டைத் திறந்தான். கேஸ் ஜெட்டைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஜெட்டைப் போட்டான். யாரும் கழற்றவில்லை என்பதற்கு அடையாளமாக மரையில் எப்போதும் வைக்கிற மஞ்சள் பெயிண்ட் பொட்டையும் பழையபடியே வைத்தான். சொந்த வீட்டிலேயே திருடன்.

அடுத்த ஞாயிறு கார் மந்தமாகப் போனது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பல் டாக்டர் அவளை முந்தினார். அவர் முந்தியதாவது பரவாயில்லை, புதிதாக வந்த யாரோ ஒருவர்கூட முந்தினார். நிதானம் ஒவ்வொரு முறையும் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். கார் நேராகப் போகிறது, நேராகத் திரும்பி வருகிறது, வேறென்ன வேண்டும்?

அவளுக்கு வேறு வேண்டியிருந்தது. காரைக் குறை சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காரைக் கட்டியது அவள் புருஷன், அவன் கை வைத்தால் தப்பு வராது. ஆகத் தப்பு தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். கியர் போடுவதில் சுணக்கமா, பச்சை விழுந்தது கண்ணுக்குத் தெரிந்து கால் அழுந்துவதற்குள் நேரமாகிறதா என்று உட்கார்ந்த இடத்தில் யோசித்துக்கொண்டிருப்பாள். சாப்பிடும்போது இடது கையை விரித்து விரித்துப் பார்ப்பாள். பாவி மனுஷன் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ் சாவியை ஆணியில் மாட்டியவள் அங்கேயே நின்றாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இந்த ஞாயித்துக்கிழமையும் இப்படியே போச்சுன்னா, திங்கக்கெழமை ஸ்கூல்ல போய் சாவிய குடுத்துடப் போறேன்."

"எந்தச் சாவிய?"

"பஸ் சாவியத்தாங்க. என் கை மந்தமாயிடுச்சு. கார்ல தோத்தா தோத்துட்டுப் போறேன். பஸ்ல அத்தனை புள்ளைங்க இருக்கு. குறுக்க ஒரு நாய் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, ஒரு சைக்கிள் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, என் கால் லேட்டா போனா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

பஸ் இல்லாத அவளை நிதானத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காலையில் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டேதான் அவள் தலை வாருவாள். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பல் விழுந்தது என்பதெல்லாம் இந்த வீட்டுச் சுவருக்கே தெரியும். அவளுடைய உயிரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவன் அவளுடைய உயிரிலேயே கை வைத்துவிட்டான்.

அப்போதாவது சொன்னானா என்றால், இல்லை! "அதெல்லாம் ஒண்ணும் ஆகல, நீ சும்மா இரு" என்று மழுப்பிவிட்டு, சனிக்கிழமை காலையில் அவள் கடைக்குப் போன நேரத்தில் மறுபடியும் பானெட்டைத் திறந்தான். பழைய பெரிய கேஸ் ஜெட்டைத் திரும்பப் போட்டான். மஞ்சள் பொட்டு வைத்தான். சின்ன ஜெட்டைத் துடைத்து டப்பாவில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெயிப்பாள், பஸ் சாவி ஆணியிலேயே தொங்கும், இந்த விஷயம் யாருக்கும் தெரியாமல் மண்ணோடு மண்ணாகிவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டான்.

ஞாயிறு காலை ஓடுபாதையில் குளிர் காற்று அடித்தது. சிலிண்டர் குளிர்ந்தால் கேஸின் வேகம் குறையும் என்பதால் மைத்துனன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, தான் பல் நடுங்க நின்றான். அன்றைக்கு அவளுக்கு ஜோடி பல் டாக்டர். காரில் ஏறுவதற்கு முன் அவள் நிதானத்தை ஓரமாக இழுத்து, அவன் சட்டைப்பையில் எதையோ செருகினாள். பார்த்தால், ஒரு மூக்குக்கண்ணாடி.

"எனக்கெதுக்கு இது? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"இருக்கு இருக்கு. பேப்பர தெருவுல வெச்சுட்டு வீட்டுக்குள்ள இருந்து படிக்கிற ஆளு நீங்க. சும்மா போட்டுப் பாருங்க, யாரும் பாக்கல." அப்புறம் என்ன நினைத்தாளோ, அவன் காலரைச் சரிசெய்தாள். "நான் இன்னைக்கு எப்படி ஓட்டினாலும் திட்டாதீங்க."

அவள் கோட்டுக்குப் போய் நின்றாள். அவன் முன்னால் நின்று காரை நேராக்கி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரத்துக்கு வந்தான். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கண்ணாடியை எடுத்து மாட்டினான். அட! மைத்துனன் கன்னத்தில் ஷேவ் செய்யாமல் விட்ட முடிகூடத் தெரிந்தது. பொடியாக எதையாவது படித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கருவிப்பையில் ஜெட் டப்பாதான் இருந்தது. திறந்தான்.

மேல் வரிசை கேஸ் ஜெட், கீழ் வரிசை பெட்ரோல் ஜெட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி. ஒவ்வொன்றின் தலையிலும் எறும்புக் கால் மாதிரி எண். நேற்று வரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உத்தேசமாகப் படித்தது இன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது. குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தான். கீழ் வரிசையில் ஒரு பெரிய பெட்ரோல் ஜெட்டின் எண்ணைப் படித்தான். மறுபடியும் படித்தான். அது இங்கே இருக்கக் கூடாது. அது இன்ஜினில் இருக்க வேண்டியது. அதற்குப் பக்கத்துக் குழியில் இருக்க வேண்டிய சின்ன பெட்ரோல் ஜெட்டைக் காணோம்.

இந்த டப்பாவைத் தொடுகிற கைகள் இரண்டே பேருடையவை. எடுத்ததை எடுத்த இடத்தில் ஒழுங்காக வைக்கிற கை ஒருத்தியுடையது.

அவன் கேஸைக் கூட்டியிருந்தான். அவள் பெட்ரோலைக் குறைத்திருந்தாள்.

"அய்யோ" என்று கத்திக்கொண்டு அந்த ஜெட் கையோடு ஓடினான். நிதானம் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அங்கே அவளுடைய காரின் பானெட்டிலிருந்து வெள்ளையாகக் கேஸ் புஸ்ஸென்று பீறிட்டு அடங்கியது. குழாயை ஊதிவிட்டுத் தயாராகிவிட்டாள் என்று அர்த்தம். விளக்குக் கம்பத்தில் மஞ்சள் விழுந்துகொண்டிருந்தது. அவன் தடுப்புக் கம்பியில் இடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். ஒரு கை போதும். அவன் இரண்டையும் வைத்தான். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் நின்றவர்கள் பதறினார்கள். காரின் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய ஹெல்மெட் அவன் பக்கம் திரும்பிய மாதிரியும் இருந்தது, திரும்பாத மாதிரியும் இருந்தது. பச்சை விழுந்தது.

இரண்டு கார்களும் பாய்ந்தன. நிதானம் நின்ற இடத்திலேயே, தலையில் வைத்த கையை எடுக்காமல் நின்றான். இனி காதுதான். முதல் கியர் ஏறியது. இரண்டாவது விழுந்தது. இங்கேதான் அவள் அழுத்துவாள், இந்த இடத்தில்தான் இன்ஜினின் குரல் உடைந்து உச்சத்துக்குப் போகும். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். பல் டாக்டரின் காரிலிருந்து அந்த ஊளை கிளம்பியது. அவளுடைய காரிலிருந்து வரவில்லை. அதே பழைய குரலில், வேலைக்குப் போகிற கார் மாதிரி, அது கோட்டைத் தாண்டியது. வெகுதூரம் பின்னால்.

அவள் திரும்பி வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவன் எதிரில் நின்றாள். "ஏங்க? என்ன ஆச்சு?"

அவன் கையை விரித்தான். உள்ளங்கையில் பெரிய பெட்ரோல் ஜெட் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து மனசு கேக்காம பிளக்கக் கழட்டிப் பாத்தேன். கரியா இருந்துச்சு. என் கை மந்தம்தான், கூடவே பெட்ரோலும் அதிகமாப் போகுதுன்னு தெரிஞ்சுது. நீங்க நம்பர சரியாப் படிக்கல போலன்னு... சொன்னா உங்க மனசு கஷ்டப்படும். அதான் நானே மாத்தி வெச்சுட்டேன். தப்பாங்க?"

"உன் மேல ஒரு தப்பும் இல்ல." என்றான் நிதானம். "பெட்ரோல் அதிகமில்லம்மா. கேஸ் கம்மி. நான்தான் கம்மி பண்ணேன். நீ அன்னைக்கு வழுக்குனியே, அதுல இருந்து சின்ன ஜெட்தான் போட்டிருந்தேன். நேத்துதான் பெருச திரும்பப் போட்டேன். நீ மட்டும் அந்தப் பொத்தான அழுத்தியிருந்தா..."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். மைத்துனன் மெல்ல நழுவி காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"அப்போ என் கை மந்தமாகலையா?" என்றாள்.

அவள் சாகப் பார்த்ததைப் பற்றிக் கேட்கவில்லை, தோற்றதைப் பற்றிக் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டாள். நிதானத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நடு ஓடுபாதையில், இத்தனை பேர் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். புதுக் கண்ணாடியெல்லாம் ஈரம்.

"மந்தமா? மஞ்சள் விழுந்துட்டிருக்கு. நான் அங்க ஓரத்துல நிக்கறேன். கண்ண மூடித் திறக்கற நேரம்கூட இல்ல. நீ பாத்த. பாத்து வெரல எடுத்த. யாருக்கும்மா மந்தம்? உன் பஸ்ஸுல ஏற அந்தப் புள்ளைங்க குடுத்து வெச்சிருக்கணும்."

அவள் அவனை ஓங்கி ஒரு குத்து குத்தினாள், தோளில். வலித்தது. இன்னொன்றும் குத்தினாள். "பாவி மனுஷா! எத்தனை நாள் நான் கண்ணாடி முன்னால நின்னு வயசாயிடுச்சு, வயசாயிடுச்சுன்னு அழுதிருக்கேன் தெரியுமா? பயமா இருக்குன்னு சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" கோபம் வந்தால் 'நீங்க' காணாமல் போய்விடும். அப்படியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். "ஏன் சொல்லல?"

"நீ எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவியே. எங்க வீட்டுக்காரர் வேணாம்னே சொன்னதில்லன்னு."

"வேணாம்னு சொன்னாதான் கோவம் வரும். பயமா இருக்குன்னு சொன்னா கோவம் வருமா?" என்று கேட்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் இன்னொரு கதவைத் திறந்தாள். "ஏறுங்க."

"எங்க?"

"பயப்படணும்னா என் பக்கத்துல உக்காந்து பயப்படுங்க. எனக்குத் தெரியாம தனியா நின்னு பயப்படற வேலை இனிமே வேணாம்."

"நான் ஏறினா வண்டி கனத்துப் போயிடும். வேகம் கொறையும்."

"கொறையட்டும். திருட்டுத்தனமா கொறஞ்சதுக்கு, கண்ணுக்கு முன்னால கொறஞ்சா நல்லதுதான்."

போட்டிகள் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இஷ்டப்பட்டவர்கள் சும்மா ஓட்டிப் பார்க்கிற நேரம் அது. நிதானம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பெட்ரோல் ஜெட்டை மாற்றினான். அவள் பக்கத்தில் நின்று இரண்டு ஜெட்டின் எண்ணையும் உரக்கப் படித்தாள். அவனும் உரக்கப் படித்தான். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் மஞ்சள் பொட்டு வைத்தார்கள். விஷயம் தெரிந்த பல் டாக்டர் தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நிதானத்தின் தலையில் அவரே மாட்டிவிட்டார். "இதுவரைக்கும் ஜெயிச்சதெல்லாம் கணக்குல வராதா அப்போ?" என்று வருத்தப்பட்டுக்கொண்டே வாரை இழுத்துக் கட்டினார்.

பச்சை விழுந்தது. கார் சீறிக்கொண்டு கிளம்பிய கிளம்பலில் நிதானத்தின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆயுள் முழுக்க அடுத்தவர்களுக்குக் கார் கட்டிக் கொடுத்தவன், உள்ளே உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். முதல் கியர். இரண்டாவது கியர். அவன் இரண்டு கைகளும் தன்னால் தூக்கிக்கொண்டு ஹெல்மெட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டன.

அவள் பொத்தானை அழுத்தவில்லை. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"கை தலையில இருக்கு!"

"பயமா இருக்கும்மா!" அவனும் கத்தினான். முதல் தடவையாக.

"தெரியுது! நீங்களா எடுத்தாத்தான் அழுத்துவேன்!"

ஓடுபாதை பாதிக்கு மேல் ஓடிவிட்டது. கட்டைவிரல் பொத்தானின் மேல் காத்திருந்தது, பஸ்ஸில் ஷூ லேஸ் கட்டுகிற பிள்ளைக்காக அவள் காத்திருக்கிற மாதிரியே. நிதானம் அவள் கையைப் பார்த்தான். ஸ்டியரிங்கில் அது ஒரு துளிகூட நடுங்கவில்லை. அவன் தலையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் அழுத்தினாள்.